ஜங்ஷன் வரைக்கும் ஒரு நடை

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலாற நடப்பது சந்தோஷமான காரியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் காரிலும் வேனிலும் வருகிற கூட்டம் அதற்குத்தான் வருகிறது. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஏலச்செடிக்கு முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் செடிக்குள் ஓடும்போது நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். செடி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. உள்ளே நுழைந்த பிள்ளை எந்தப் பக்கம் போனது என்று தெரியாது. பாம்பு கிடக்கலாம். முந்தின நாள்தான் மருந்தடித்திருக்கலாம். அந்தத் தாய்மார்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எப்படி முடிகிறது என்று ஒருநாள் யாரையாவது கேட்க வேண்டும்.

நாங்கள் இருப்பது கேரள எல்லையில், கம்பம்மெட்டிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் உள்ளே தள்ளி, ஓர் ஏலத் தோட்டத்து லயத்தில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். எங்களுடையது ஓரத்து வீடு. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே கம்பம்மெட்டுக்குப் போய், கீழேயிருந்து வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக இறக்குவார். மகளுக்கு ஒன்பது வயது. மகனுக்கு நாலு.

மகள் நாலாம் வகுப்பு முடித்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதோடு சரி. அஞ்சாம் வகுப்புக்கு ஜங்ஷனுக்குப் போய் பஸ் ஏற வேண்டும். ஜங்ஷன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டீக்கடை, ரேஷன் கடை, வெயிட்டிங் ஷெட். லயத்திலிருந்து ஏலச்செடிக்குள் இறங்கி, குளத்தைத் தாண்டி, புல்மேட்டில் ஏறி, பாறை வழியாக அந்தப் பக்கம் இறங்கினால் ஜங்ஷன். பெரியவர்கள் அரை மணி நேரத்தில் போய்விடுவார்கள். ஜீப் ரோடு ரொம்பச் சுற்று. பஸ் வருகிற நேரத்தில் இவருடைய ஜீப் வேறெங்கோ நிற்கும்.

லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்தப் பாதையில்தான் தினமும் போய் வருகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு வரவில்லை.

“அப்ப கீழ கம்பத்துல ஹாஸ்டல்ல சேத்துருவோம்” என்றார் இவர். கோபத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழி அதுதான். இங்கே பாதிப் பேருடைய பிள்ளைகள் கீழே ஹாஸ்டலில்தான் படிக்கிறார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். என்னையும் அப்படித்தான் ஹாஸ்டலில் விட்டார்கள். அங்கே யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. சோறு நன்றாகத்தான் போட்டார்கள். ஆனால் மலையில் வீட்டில் என்ன நடக்கிறதோ, அம்மா வழுக்கி விழுந்தாளோ, தம்பியைப் பாம்பு கடித்ததோ என்று நினைத்து நினைத்தே அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஒரு லீவுக்கு வந்தவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்பா இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அப்புறம் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போனேன். ஆகவே ஹாஸ்டல் என்ற பேச்சே எனக்கு ஆகாது. என் மகள் அங்கே கிடக்கக் கூடாது, என் கண்ணுக்கு முன்னால் இருந்து படிக்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

கடைசியில் இவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

“இந்தா பாரு. ஏப்ரல், மே ரெண்டு மாசம் லீவு. ஞாயித்துக்கெழமைதோறும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு ஜங்ஷன் வரைக்கும் நடந்து போ. டீக்கடைல ஆளுக்கொரு வட வாங்கிக் குடு. திரும்பி வா. ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துட்டேன்னா அவ இங்கயே இருந்து படிக்கட்டும். ஒன்னாலயே போக முடியலேன்னா, அவள எப்பிடித் தெனமும் அனுப்புவ?”

நியாயமான பேச்சு. தலையாட்டிவிட்டேன்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடை தொடங்கியது. சபையில் காலை ஆராதனை முடிந்ததும் கிளம்புவோம். பையில் புளிசாதம், அவித்த முட்டை, தண்ணீர், அட்டைப்பூச்சிக்கு ஒரு துணியில் கட்டிய உப்பு, மகனுக்கு மாற்று டவுசர், கையில் ஒரு கம்பு. பட்டப்பகலில் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டதைப் பார்த்து மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் ஞாயிறு, பாதையில் யானைச் சாணம் கிடந்தது. மகள் கம்பால் குத்திப் பார்த்து, “காஞ்சு போச்சும்மா, உள்ள செதலு அரிச்சிருக்கு” என்றாள். நான் திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு பனிமஞ்சு இறங்கி முன்னால் போகிற பிள்ளையின் முதுகு தெரியவில்லை, திரும்பினோம். அதற்கடுத்த ஞாயிறு குளம் வரைக்கும் போனோம். எங்கள் பக்கம் குளம் என்றால் குழி வெட்டி உள்ளே நீலப் படுதாவை விரித்துத் தண்ணீர் தேக்கியிருப்பார்கள். கரையிலிருந்து சறுக்கினால் பிடித்து ஏற ஒரு புல் கிடையாது. அதைத் தாண்டும்போது இரண்டு பேர் சட்டையையும் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, தையல் பிரியுதும்மா” என்றாள் மகள்.

“பிரியட்டும். தச்சுக்கலாம்.”

குளத்தைத் தாண்டியதும் மகன் காலில் அட்டை. ரத்தத்தைப் பார்த்து அவன் அழவில்லை. நான்தான் உப்பைத் தேடிப் பையைக் கவிழ்த்ததில், முட்டையெல்லாம் உருண்டு குளத்தில் விழுந்தது. அன்றைக்கும் ஜங்ஷன் இல்லை.

இப்படியே மே மாதம் வந்துவிட்டது. மே மாதம் பலாப்பழம் பழுக்கிற காலம். பழ வாசனைக்கு யானை வரும். தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. யானை எந்தப் பக்கம் நிற்கிறதென்று வனத்துறை வாட்சர் அதில் குரலில் பேசிப் போடுவார். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமாகும் என்பதால் குரல்தான் வசதி. அதை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று இவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. லயத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். வெடிச் சத்தம் கேட்டால் யானையை விரட்டுகிறார்கள் என்று அர்த்தம். விரட்டின யானை எந்தப் பக்கம் ஓடி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சுவரும் கூரையும் இருக்கிற இடத்துக்குள் போய் அடைத்துக்கொள்ள வேண்டும். யானை காட்டுக்குள் ஏறின பிறகு வாட்சர் நீளமாக ஒரு விசில் அடிப்பார். அந்த விசில் கேட்கும்வரை வெளியே வரக் கூடாது. பெரியவர், சின்னவர் யாராயிருந்தாலும் இதுதான்.

அந்த மாதம் ஒரு ஞாயிறு, வானம் வெளுத்து நன்றாக இருந்தது. யானை தூரத்தில் அடுத்த மலையில் நிற்கிறதென்று வாட்சர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் “ட்ரிப் இருக்கு” என்று காலையிலேயே போய்விட்டார். லயத்தில் அதிசயமாக ஆள் நடமாட்டமே இல்லை. பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அன்றைக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

குளத்தைத் தாண்டினோம். புல்மேட்டின் அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். மகள் முன்னால் ஓடிப் போய், “அம்மா, இந்த மேடு ஏறிட்டா பாறைதான். பாறைலேருந்து பாத்தா டீக்கடை தெரியும்” என்றாள். என் கால்களுக்கும் அன்று நல்ல தெம்பு இருந்தது.

அப்போது வெடித்தது.

ஒன்றல்ல. அடுக்கடுக்காக, மலையில் மோதி எதிரொலித்துக்கொண்டு. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான்.

மகனைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். குளத்துக்கரையில் மோட்டார் ஷெட் இருக்கிறது. செங்கல் சுவர், இரும்புக் கதவு, மேலே கம்பிவலை போட்ட ஒரு சின்ன ஓட்டை. மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மூச்சு வாங்க மகளைத் தடவிப் பார்த்தேன், முழுசாக இருந்தாள்.

உள்ளே பெரிய பம்பு, சுருட்டி வைத்த ஓஸ், கிரீஸ் நாற்றம். சுவரில் கரண்ட் போர்டு. யானையிடமிருந்து தப்பித்த பிள்ளை கரண்டில் கை வைத்துவிடுமோ என்று அடுத்த பயம். மகனை மடியில் இறுக்கி உட்கார்ந்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் டவர் கிடைக்காது.

வெடி நின்றது. விசிலுக்காகக் காத்திருந்தேன். விசில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வெடி.

“ரொம்ப யானை போல” என்றேன்.

மகள் ஓஸ் மேல் ஏறி நின்று கம்பிவலையில் காதை வைத்தாள். “அம்மா, செண்ட மேளம் அடிக்கிற மாதிரி கேக்குது.”

“செண்ட இல்லடி. தகரத்தத் தட்டுவாங்க, யானை மெரளுறதுக்கு.”

“தாளமா தட்டுறாங்கம்மா.”

“தட்டுறவன் தாளமாத் தட்டுவான். நீ கீழ எறங்கு.”

“பாட்டும் கேக்குது.”

“டீக்கடைல ரேடியோ.”

“யானை வந்தா டீக்கடைக்காரர் ரேடியோ போடுவாரா?”

ரேடியோவை நம்பிக் கதவைத் திறக்க முடியுமா? விசில் அடிக்கவில்லை. விசில் அடிக்காதபோது திறந்து வெளியே போனவர்களைப் பற்றி நான் கேட்ட கதைகள் எல்லாம் அந்த இருட்டில் வரிசையாக வந்து நின்றன.

புளிசாதம் தீர்ந்தது. முட்டை தீர்ந்தது. மகன் கொஞ்ச நேரம் யானை ஆனான், பம்பைத் தும்பிக்கையால் தள்ளினான், அப்புறம் அலுத்து, “மூத்திரம் வருது” என்றான். தண்ணீர் பாட்டிலில் மிச்சத்தைக் குடிக்க வைத்து அதிலேயே பிடித்தேன். கூரைத் தகரம் சூடாகி, அப்புறம் மழை வந்து குளிர்ந்தது. மழைச் சத்தத்தில் விசில் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று புதிதாக ஒரு கவலை.

மழை விட்டதும் மகள் எழுந்தாள். “நான் மட்டும் பாறை வரைக்கும் ஓடிப் போயி எட்டிப் பாத்துட்டு வாரேன்.”

“கால ஒடச்சுருவேன்.”

“யானையே இல்லம்மா. எனக்குத் தெரியும்.”

தாழ்ப்பாளில் கை வைத்தாள். நான் அவளுக்கு முன்னால் போய்க் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிர்ச் சுவர் ஓரம் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“ஹாஸ்டல்ல கதவப் பூட்டித்தான் வச்சிருப்பாங்களாம்மா?”

“ஆமா. கேட்டுல பூட்டுப் போட்டு வாட்ச்மேன் நிப்பாரு.”

“இப்பிடித்தான் இருக்குமா?”

நான் மகனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்த நேரத்தில் விசில் கேட்டது. நீளமாக இல்லை, பீப் பீப் என்று. ஆனாலும் விசில். “கர்த்தாவே, ஸ்தோத்திரம்” என்று தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன்.

வாசலுக்கு நேரே ஒரு சின்னப் பெண் வாயில் சிவப்புப் பிளாஸ்டிக் விசிலோடு நின்றாள். கையில் பலூன். அவளுக்குப் பின்னால் எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டு மதினி, பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு; அவளுக்குப் பின்னால் அவள் புருஷன், ஒரு கையில் பலகாரப் பொட்டலம், தோளில் தூங்குகிற பிள்ளை.

மதினி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். “என்ன மதினி, மோட்டார் ஷெட்டுல குடி வந்துட்டீகளா?”

“யானை போயிருச்சா?”

“எந்த யானை?”

“வெடி போட்டாங்கல்ல. காலைலேருந்து போட்டுக்கிட்டே இருக்காங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன்தான் சொன்னார். “அது எங்க கோயில் பெருநாள் வெடிம்மா. ஜங்ஷனுக்கு மேல இருக்குல்ல, அந்தக் கோயிலு. செண்ட மேளம், ரதம் எல்லாம் இருந்துச்சே. ஒன் வீட்டுக்காரர் வண்டிலதான காலைல எல்லாரும் போனோம்.”

அவர்கள் ஆர்.சி., கத்தோலிக்கர்கள். நாங்கள் வேறு சபை. எங்களிடம் பெருநாள் கிடையாது, ரதம் கிடையாது, வெடி கிடையாது. அவர்கள் கோயில் பெருநாள் எந்த ஞாயிறு வருகிறதென்று நாங்கள் பார்த்து வைப்பதும் இல்லை.

மதினி சிரிப்பை அதற்கு மேல் அடக்க முடியாமல் விட்டுவிட்டாள். “எங்க பெருநாள் வெடிக்கு ஓடி ஒளிஞ்சது சாத்தானுக்கு அடுத்தபடி நீங்கதான் மதினி!”

என் மகளும் சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவை. பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். “இப்பப் போலாமாம்மா? இன்னும் கட இருக்கும். ஜங்ஷன் தொட்டுட்டு வந்துருவோம்.”

“போயிட்டு வாங்க, இன்னும் கூட்டம் இருக்கு, வெளக்கு போடப் போறாங்க” என்றார் மதினியின் புருஷன்.

நான் மேட்டைப் பார்த்தேன். மழையில் புல் நனைந்து வழுக்கும். போனால் திரும்பும்போது இருட்டிவிடும். யானை அடுத்த மலையில் நின்றது காலையில். இப்போது எங்கே நிற்கிறதோ. “அடுத்த வாரம்” என்றேன். மகள் விசில்காரச் சின்னப் பெண்ணோடு முன்னால் நடந்தாள். குளத்தைத் தாண்டும்போது அவள் சட்டையைப் பிடிக்கப் போனேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மறுபக்கமாகப் போய்விட்டாள்.

நாங்கள் வீடு சேருமுன் விஷயம் சேர்ந்துவிட்டது. குழாயடியில் நின்றவர்கள், “விசில் அடிச்சாச்சா?” என்று கேட்டார்கள். கேட்டவர்களில் கங்காணியும் ஒருவர்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்தார். “தப்பு என்னோடதுதான். ட்ரிப்பு பெருநாளுக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும். ஆனா நீயே பாரு. பெருநாள் வெடிக்கு நாள் பூரா பிள்ளைகள அடச்சு வச்சிருக்க. நெசமாவே யானை வந்தா என்ன ஆகும்? ஹாஸ்டல்னே வச்சுக்குவோம். நாளைக்குக் கம்பத்துல எறங்கிக் கேட்டுட்டு வாரேன்.”

நான் சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

“நான் ஹாஸ்டலுக்குப் போகல” என்றாள் மகள். பாயில் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பெறகு?”

“ஜங்ஷனுக்கு நடந்து போறேன். மூணாவது வீட்டு அத்த பிள்ளைக, கடைசி வீட்டு அண்ணன் எல்லாரும் போறாகள்ல. அவுக கூடப் போறேன். வெடி போட்டா எந்த ஷெட்டுல ஏறணும், விசில் எப்பிடிக் கேக்கும், எனக்கு எல்லாம் தெரியும்.”

“அம்மா கூட வந்தாத்தான...” என்று இவர் தொடங்கினார்.

“அம்மா வர வேண்டாம்.” அவள் என்னைப் பார்க்காமல் அவரிடமே சொன்னாள். “அம்மா வந்தா யாருமே போய்ச் சேர முடியாது. அம்மா வீட்டுல இருக்கட்டும். வர்றதா இருந்தா நான் ஹாஸ்டலுக்கே போயிருவேன்.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. மகள் வீட்டில் இருந்தே படிப்பாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, “சரி” என்றேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மழை ஊற்றுகிறது. பிள்ளைகள் ஏழெட்டுக் குடைகளாகச் சேர்ந்து ஏலச்செடிக்குள் இறங்குவார்கள். குழாயடி வரைக்கும் வர எனக்கு அனுமதி உண்டு. அதற்கு அங்கிட்டு ஓர் அடி வைக்கக் கூடாது. ஒருநாள் வைத்துவிட்டேன். குடைகளில் ஒன்று நின்று திரும்பியது. நான் பின்வாங்கி நின்றதும் மறுபடி நடந்தது.

பஸ் வளைவில் திரும்பும்போது ஹார்ன் அடிக்கும். காற்று இந்தப் பக்கம் வீசினால் லயத்துக்குக் கேட்கும். கேட்காத நாளில் காய் எடுக்கிற இடத்தில் நான் செய்கிற வேலை வேலையே இல்லை. “ஏத்தா, பிஞ்சையும் சேத்துப் பறிக்கிற” என்று கங்காணி கத்துவார்.

சாயங்காலம் வந்து பையைக் கழற்றுவாள். ஒருநாள் மட்டும் கேட்டேன். “பாதைல இன்னைக்கு யானை கீனை ஏதாவது பாத்தியாத்தா?”

“பாத்தா அப்பாகிட்டச் சொல்றேன்” என்றாள். “ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன்.” சோற்றைப் போடச் சொல்லித் தட்டை நீட்டினாள். போட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், மறுசோறு கேட்கிறாள்.